செவுள் அசையும்வரை

...இல்லை, இறுக்கிப் பிடிக்கக் கூடாது, வாலடியில் ஒரு கை, வயிற்றுக்கடியில் ஒரு கை, தலை நீர் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், தண்ணீர் வாய் வழியாகப் போய்ச் செவுள் வழியாக வெளியே வர வேண்டும், அவ்வளவுதான், ஊரில் எத்தனை பேருக்கு நோர்மாவே சொல்லிக் கொடுத்திருக்கிறாள், ரப்பர் மீனை வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு... ரப்பர் மீன் இப்படிக் கனக்கவில்லை. அதன் வயிற்றில் முட்டை இல்லை. படகின் விளிம்பில் நெஞ்சை அழுத்திக் குப்புறக் கிடந்தாள், இரண்டு கைகளும் முழங்கைக்கு மேலே வரை பெல்லி ஆற்றுக்குள். பின்னால் அவள் புருஷன் ரூஃபஸ் அவளுடைய பெல்ட்டைப் பிடித்திருந்தான், ஒற்றைக் கையால், போன குளிர்காலத்தில் பனிவண்டியோடு கவிழ்ந்ததிலிருந்து அவனுடைய வலது தோள் எதற்கும் உதவாது. "கவலப்படாத, நீ விழுந்தா மொதல்ல பெல்ட்டக் காப்பாத்திருவேன்" என்றான். இந்த மனுஷனுக்கு எந்த நேரத்தில் என்ன பேசுவதென்று தெரியாது, ஆனால் பிடி மட்டும் தளரவில்லை, பெல்ட் இடுப்பில் வெட்டுகிற வலியே ஒரு தைரியமாக இருந்தது. செவுள் அசைகிறதா? அசைந்தது. இப்போது? வாடி, என் தங்கமே, இன்னொரு மூச்சு, இவ்வளவு தூரம் வந்துவிட்டு இங்கேயா...

வெள்ளை மீனுக்குப் போட்ட வலை. சின்னக் கண் வலைதான், இதில் ராஜா சால்மன் மாட்டாது என்று ஊர்ச்சபையில் எழுந்து நின்று சொன்னவள் அவள், ஆற்றுக் காவல் வேலை பார்க்கிறவள், அவளே சொன்னால் யார் மறுப்பார்கள். மாட்டியிருக்கிறது. பல்லில் நூல் சிக்கி, மூக்கைச் சுற்றி முறுக்கி, எவ்வளவு நேரம் திமிறியதோ, கத்தியால் நூலை அறுத்துத்தான் எடுத்தார்கள். கடல் முகத்துவாரத்திலிருந்து ஒன்றும் தின்னாமல் எதிர்நீச்சல் போட்டு வந்திருக்கிறாள், அலாஸ்கா முழுவதையும் தாண்டி, அத்தனை வலை, அத்தனை கரடி, அத்தனை கழுகுக்கும் தப்பி, வெள்ளித் தோல் சிவந்து, வால் நுனி கிழிந்து... முட்டையிடுகிற ஓடை அடுத்த மலைத் திருப்பத்துக்கு அப்பால்தான். அங்கே வந்து காவல்காரியின் வலையில் விழுவதா? இந்த மீன்கள் போய்த் திரும்பி மறுபடி பெருகும்வரை யாரும் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது என்று ஊரே கூடி முடிவெடுத்தது, கையைத் தூக்கும்போது பாதிப் பேர் கண் கலங்கியிருந்தார்கள், அப்படிப்பட்ட ஊர்... அப்புறம் டெல்லா அக்கா. அதை இப்போது நினைக்காதே. செவுளைப் பார்.

ஆனால் குனிந்து கிடக்கிறவளுக்கு நினைக்காமல் இருக்க என்ன வழி, கை மரத்துப் போகப் போகத் தலை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. போன கோடையில் அம்மாவின் கல்லறைக்குக் கல் நிறுத்திய விருந்து, அதற்காக டெல்லா வந்து கேட்டது. "ஒரே ஒரு மீனு, நோர்மா. அம்மாவுக்குத்தான் கேக்கேன், எனக்கில்ல." "அம்மாவுக்குன்னு ஆரம்பிச்சா ஊர்ல எல்லாருக்கும் அம்மா உண்டுக்கா." இதை இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க வேண்டுமா? கொஞ்சம் திக்கித் திணறியாவது சொல்லியிருக்கலாம். கடைசியில் நகரத்திலிருந்து பண்ணை மீன் வாங்கி வந்து வைத்தார்கள், வெளுத்த சதை, தீயில் போட்டால் ஒரு சொட்டுக் கொழுப்பு இறங்கவில்லை, டெல்லா தன் தட்டை அப்படியே கொண்டுபோய் நாய்களுக்கு முன்னால் வைத்தாள், எல்லோரும் பார்க்க. அதிலிருந்து பேச்சு இல்லை. ஊரில் இருப்பது ஒரே கடை, அதில் இருப்பது மூன்று வரிசை அலமாரி, அதற்குள் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காமல் ஒரு வருஷம் ஓட்டுவதற்கே தனிச் சாமர்த்தியம் வேண்டும். நோர்மாவை 'ஆத்துப் போலீசு' என்று அக்கா சொல்வதாகக் கேள்வி. நல்ல பெயர்தான், வேறு யாராவது வைத்திருந்தால் நோர்மாவே சிரித்திருப்பாள்.

மோட்டார் சத்தம். இருமுகிற மோட்டார்... ஊரில் இப்படி இருமுகிற மோட்டார் ஒன்றே ஒன்றுதான். "ஒங்க அக்கா வாராங்க" என்றான் ரூஃபஸ், குரலைத் தாழ்த்தி. வரட்டும். நன்றாகப் பார்க்கட்டும், அம்மாவுக்கு மறுத்தவளின் வலையில் மீன், இருட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும், அதுவும் செத்துப் போனால்... படகின் அலை அடித்தால் மீன் கையை விட்டுப் போய்விடுமே, கத்திச் சொல்லலாமா வேகத்தைக் குறை என்று? ஆனால் மோட்டார் எப்போதோ நின்றிருந்தது. வெகு தூரத்திலேயே அணைத்துவிட்டுத் துடுப்பால் தள்ளிக்கொண்டு வந்தாள் டெல்லா, அலை எழாமல், சத்தம் எழாமல், படகு பக்கத்தில் வந்து மெல்ல உரசி நின்றது. டெல்லா எட்டிப் பார்த்தாள். வெகு நேரம் மீனை மட்டுமே பார்த்தாள்.

"எம்புட்டு நேரமா?"

"தெரியலக்கா."

"கை?"

"இருக்கான்னே தெரியல."

"தள்ளு."

"வேணாம், நானே..."

"ஒரு வருசமா ஓம் பேச்சத்தான் கேட்டோம், இப்பம் நீ கேளு. கை நீலம் பூத்துக் கெடக்கு, தள்ளு. மாப்பிள, அவள அங்கிட்டு இழுங்க." கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள், முழங்கை வரை சட்டையைச் சுருட்டக்கூட இல்லை, அப்படியே தண்ணீருக்குள் விட்டாள், நோர்மாவின் கைகளுக்குக் கீழே அக்காவின் கைகள், சுடுகிற மாதிரி இருந்தது, அவ்வளவு குளிர்ந்து போயிருந்தாளா தான்? அந்தக் கணத்தில்தான், கை மாறுகிற அந்தக் கணத்தில், செவுள் நின்றது. மூடிக்கொண்டது, திறக்கவில்லை. "நின்னுருச்சுக்கா" என்றாள். "பேசாத" என்றாள் டெல்லா. மீனின் தலையை நீரோட்டத்துக்குக் கொடுத்து, இடமும் வலமுமாக, தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டினாள், உதட்டுக்குள் என்னவோ முனகினாள், மீனிடமா தன்னிடமா, அம்மா காய்ச்சல்காரப் பிள்ளைகளை எழுப்பிக் குடிக்கவைக்கும்போது பேசுவாளே, அந்தக் குரல், அதை இவள் எங்கே வைத்திருந்தாள் இத்தனை நாளும்? ஆறு போய்க்கொண்டிருந்தது. பிறகு செவுள் ஒரு நூல் திறந்தது. இன்னொரு நூல். திடீரென்று வால் ஒரு வீசு வீசி டெல்லாவின் முகம் முழுக்கத் தண்ணீரை அடித்துவிட்டு, கலங்கிய நீருக்குள் சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான், போய்விட்டாள்.

"ஒரு நன்றிகூடச் சொல்லாமப் போறா பாருங்க மதினி, ஒங்க வீட்டுப் பொண்ணுக மாதிரியே" என்றான் ரூஃபஸ். டெல்லா சிரித்தாள். முகத்தைத் துடைக்காமல், மூக்கு நுனியில் நீர் சொட்டச் சொட்டச் சிரித்தாள், நோர்மா அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷம் ஆயிற்று. ரூஃபஸ் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினான், நோர்மாவால் குவளையைப் பிடிக்க முடியவில்லை, விரல் மடங்கவில்லை, டெல்லா படகு தாண்டி வந்து உட்கார்ந்து அவள் கைகளைத் தன் கம்பளிச் சட்டைக்குள் இழுத்து அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டாள், "ஐயோ, ஐஸ்கட்டி" என்று திட்டினாள், விடவில்லை. இரண்டு படகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுற்றின.

"என்னா வயிறு பாத்தியா அவளுக்கு" என்றாள் டெல்லா, ஆற்றைப் பார்த்தபடி. "ஆமா" என்றாள் நோர்மா. கொஞ்ச நேரம் கழித்து அக்கா சாதாரணமாக, தேநீரில் சர்க்கரை போதுமா என்று கேட்பதுபோலக் கேட்டாள், "செத்துப் போயிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

சபையில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், அதுதான் விதி, அவளே எழுதிய விதி, அதைச் சொல்வதற்காகத்தான் நோர்மா வாயைத் திறந்தாள். வாய் முழுக்க எச்சில் ஊறியிருந்தது, தீயில் கொழுப்புச் சொட்டுகிற மீனுக்கு ஊறுகிற எச்சில். விழுங்கினாள், மறுபடி ஊறியது. மீன் போன பிறகு ஊறியதா இது, அக்கா கேட்டதால் ஊறியதா... அல்லது அந்தச் செவுள் நின்றதே, அப்போதே, அவள் கைக்குள்ளேயே... டெல்லா அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அவள் கைகளை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள்.