படிக்கட்டு மாப்பிள்ளை

...இன்ஜினையும் அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாரே இந்த மனுஷன், பின்னால் வரிசையாக வண்டிகள் நிற்கின்றன, முன்னால் போன நீலக் கார் தண்ணீரைச் சீவிக்கொண்டு அக்கரை ஏறிவிட்டது, அதிலிருந்த பெண் ஜன்னல் வழியே கையைக்கூட ஆட்டினாள், வாங்க வாங்க என்பது போல, இவரானால் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தரைப்பாலத்தின் ஓரத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படி என்னதான் தெரிகிறது அதில்? காலையில் மலையில் பெய்த மழை, டீ நிறத்தில் பாலத்தின் மேலேயே வழிந்து ஓடுகிறது, பாலம் இருக்கும் இடத்தைச் சொல்ல இரண்டு பக்கமும் நட்ட வெள்ளைக் கம்பங்கள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்கின்றன. பெரிய ஆழம் இருக்காது, நீலக் காரின் சக்கரத்தில் பாதிதான் நனைந்தது, நான் பார்த்தேனே. தாண்டினால் ஒரு மேடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி. அந்த ஏரிக்காகத்தானே இத்தனை கடல் தாண்டி வந்தது... பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் என் நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு காலண்டர், வருஷம் முடிந்த பிறகும் நான் கழற்ற விடாத காலண்டர், அதில் இருந்த பச்சை ஏரி. வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று இவர்தான் கேட்டார், உனக்கு எங்கே போகணும் என்று. காலண்டரைச் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. அடுப்பு, கட்டில், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கிற வேன் ஒன்றை வாடகைக்குச் சொல்லி, ஓட்டலும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம், நாமே மாறி மாறி ஓட்டிக்கொண்டு போவோம் என்று எல்லா ஏற்பாட்டையும் செய்தவர், நாளைக்கு மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரத்தில், ஏரிக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் வந்து நின்றுகொண்டு...

பின்னால் ஹாரன். அதட்டல் இல்லை, இந்த ஊர்க்காரர்கள் ஹாரனைக்கூடத் தொண்டையைச் செருமுவது மாதிரிதான் அடிக்கிறார்கள், ஆனாலும் என் முதுகில் சுருக்கென்றது. அண்ணன் மட்டும் இங்கே இருந்திருந்தால், என்னம்மா, மாப்பிள்ளை படிக்கட்டு எங்கேன்னு தேடறாரா என்று கேட்டிருப்பார், கேட்டுவிட்டுத் தானே முதலில் சிரித்திருப்பார். படிக்கட்டு மாப்பிள்ளை. அந்தப் பேர் எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது அண்ணன் அடுக்குமாடியில் புது வீடு வாங்கிக் குடிபோன நாளில். கீழே லிஃப்ட் கதவு திறந்தது, விருந்தாளிகள் எல்லாரும் உள்ளே, இவர் மட்டும் வெளியே நின்று காதைச் சாய்த்துக் கேட்டார். மேலே ஏதோ உரசுது, யாராவது பார்க்கிற வரைக்கும் நான் நடந்தே வரேன் என்றார். லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டில் ஏற மாட்டேன் என்கிறார், கேட்க வேண்டுமா? கையில் பரிசுப் பொட்டலத்தோடு ஆறு மாடி ஏறி வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றவரை வாசலிலேயே வைத்துக் கைதட்டினார்கள். அந்த லிஃப்ட் இன்றுவரை ஒரு நாளும் நின்றதில்லை, அதையும் அண்ணன் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் விடுவதில்லை. நானும் ஒவ்வொரு தடவையும், அவருக்குப் பயமெல்லாம் இல்லண்ணா, தொழில் புத்தி, அவ்வளவுதான் என்று முந்திக்கொண்டு சொல்வேன். எத்தனை பந்தியில், எத்தனை கல்யாணத்தில்... பாதிச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு. நான் விளையாட்டு ஆசிரியை, உயரம் தாண்டும் கம்பிக்கு முன்னால் வந்து தயங்குகிற பெண்களை, யோசிக்காதே, ஓடி வா, தாண்டு என்று விசில் ஊதியே தாண்ட வைத்தவள், என் வீட்டுக்காரர் பயந்தவர் என்று எவனாவது சொன்னால் எனக்குப் பொறுக்குமா?

வந்துவிட்டார். கால் சட்டையில் சேறு, கையில் எங்கிருந்தோ ஒடித்த நீளக் குச்சி, அதில் ஈரம் ஏறியிருந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டே வந்தார், ஜன்னலுக்குக் கீழே நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாம்மா" என்றார்.

"ஏங்க, முன்னாடி போன கார் போச்சே."

"போச்சு. தண்ணி ஏறிட்டிருக்கு. அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. நம்ம வண்டி உசரம் வேற, பக்கவாட்டுல தள்ளினா நிக்காது. வேண்டாம்."

நான் ஏரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் என் முகத்தில் அது இருந்திருக்கும், அவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சுருட்டிய பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். அதற்குள் பின்னாலிருந்த சிவப்பு வேனிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான், வாலிபன், செருப்பில்லாத கால், தாடி, எங்களைப் போலவே வாடகை வேன்தான், உள்ளே அவன் மனைவியோ தோழியோ காலைத் தூக்கி முன் பலகையில் போட்டுக்கொண்டு ஏதோ தின்றுகொண்டிருந்தாள். நல்ல பையன். ஒன்றும் இல்லை, நான் பலதடவை போயிருக்கிறேன், நீங்கள் முன்னால் போங்கள், பின்னாலேயே வருகிறேன் என்கிறான் போலிருந்தது, கையால் தண்ணீரின் உயரத்தைக் காட்டிக்காட்டிச் சொன்னான். இவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எனக்குப் பயமாக இருக்கிறது, நான் போகவில்லை, நீங்கள் போங்கள் என்றார்.

பயமாக இருக்கிறது. அப்படியேதான் சொன்னார். குரலைத் தாழ்த்தவில்லை, சிரித்து மழுப்பவில்லை, வண்டியில் ஏதோ கோளாறு என்று கதை கட்டவில்லை. அண்ணனாக இருந்தால் சத்தியமாக என் பக்கம் கையைக் காட்டி, பொம்பளை பயப்படுறா என்று சொல்லியிருப்பார், எத்தனை ஆண்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இவர், மணி என்ன என்று கேட்டவனுக்கு மணி சொல்வது போலச் சொன்னார். அந்தப் பையன் தலையை ஆட்டிவிட்டு எங்கள் வண்டிக் கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். எனக்கு... எனக்கு என்ன ஆயிற்று? முதலில் காது சூடாயிற்று, வெட்கம் என்றுதான் நினைத்தேன், ஆனால் வெட்கமாக இருந்தால் தலை குனிந்திருக்கும், நானோ முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறேன், என் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பரிசு மேடையில் ஏறும்போது கீழே நான் நிற்பது போல. இத்தனை வருஷம் இவருக்குப் பயம் இல்லை, பயம் இல்லை என்று நான் ஊரெல்லாம் தூக்கிச் சுமந்ததை இந்த மனுஷன் முன்பின் தெரியாதவனிடம் ஒரே மூச்சில் இறக்கி வைத்துவிட்டார். அது அவருக்கு ஒரு பாரமாகவே இருந்ததில்லை போலிருக்கிறதே.

சிவப்பு வேன் எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கிற்று. நடுப் பாலத்தில் கொஞ்சம் ஒதுங்கினாற்போல் இருந்தது, இல்லை, என் ஆசைதானோ... அவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, சின்னஞ்சிறுசுகள், ஆனால் ஒரே ஒரு தடுமாற்றம், ஒரு சின்ன சறுக்கல், இவர் சொன்னது சரி என்று காட்டுகிற அளவுக்கு... சீச்சீ, என்ன புத்தி இது. ஒன்றும் ஆகவில்லை. அழகாக ஏறிப் போய்விட்டார்கள், அவனும் கையை ஆட்டினான். அடுத்து ஒரு சாம்பல் நிறக் கார், அதுவும் போயிற்று. இவர் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார், ஒவ்வொன்றும் கரை ஏறியபோது இவர் தோள் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன். அவர்கள் விழவில்லையே என்ற நிம்மதி. நல்லவேளை, அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்கும்.

அந்த ஒடுக்கமான சாலையில் அத்தனை நீள வண்டியைத் திருப்ப வேண்டும். நான் இறங்கிப் பின்னால் போய் நின்றேன், விசில் கையில் இல்லை, இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினேன், ஒன்று ஊதினால் வா, இரண்டு ஊதினால் நில், எங்களுக்குள் பேச்சே வேண்டியிருக்கவில்லை. பின் சக்கரம் சாலையோரப் புல்லைத் தொட்டும் தொடாமலும் வந்து நிற்க, மறுபடி முன்னால், மறுபடி பின்னால், உள்ளே அலமாரியில் கோப்பைகள் கலகலவென்று பேசிக்கொண்டன. வரிசையில் நின்ற ஒரு கிழவர் காரிலிருந்து இறங்கி எனக்காக வழியை ஒதுக்கிக் கொடுத்தார், அவர் மனைவி என் விசிலுக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு அவர்கள் எல்லாருடைய கண் முன்னால் போகும்போது நான் ஜன்னலை ஏற்றவில்லை. கையை வெளியே போட்டுக்கொண்டு வந்தேன்.

திரும்பி வரும் வழியில் வளைவு வரும்போதெல்லாம் இவர் சிக்னல் போடுவதாக நினைத்து வைப்பரைத் தட்டிவிடுகிறார், இந்த ஊர் வண்டியில் எல்லாம் இடம் வலம் மாறி இருக்கிறது, நல்ல வெயிலில் வைப்பர் கரகரவென்று கண்ணாடியை வழிக்கிறது, மற்ற நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம். ஏரி பின்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஏமாற்றம் இல்லை என்று யார் சொன்னது? பக்கக் கண்ணாடியில் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன், அதே நேரம் அந்தப் பெருமையும் இறங்காமல் இருந்தது, இரண்டும் ஒரே இடத்தில் எப்படி இருக்கும், இருந்ததே. கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க இவர் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். மேல் மாடியில் கதவு திறந்திருந்தது, உள்ளே லிஃப்ட் இல்லை, வெறும் இருட்டுக் குழி, எட்டிப் பார்த்தால் கீழே ஒரு மாடி ஆழத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் இவர் நிற்கிறார், நெற்றியில் விளக்கு, இடுப்பில் பெல்ட். அந்த பெல்ட்டின் கொக்கியை இழுத்துப் பார்த்தார், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார், நான் பார்ப்பது தெரியாமல் மறுபடியும். தினமும் அங்கே நிற்கிறவர். என்னவோ முணுமுணுத்தார், பாட்டு என்று அன்றைக்கு நினைத்தேன். நான் ஒரு நிமிஷம் நின்றதற்கே உள்ளங்கால் கூசிற்று, அதை அண்ணனிடம் சொல்ல எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை பாருங்கள்.

ஊர் எல்லையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டி வண்டிகள் நிற்க இடம் விட்டிருந்தார்கள், அங்கே நிறுத்தினோம். சாயங்கால வெயில் இன்னும் நல்ல பிரகாசமாக இருந்தது. ஓட்டப் பாதையில் சில பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், வளைவில் கையை வீசும் விதம் சரியில்லை, ஒருத்திக்கு மட்டும் நல்ல கால். இவர் அடுப்பைப் பற்றவைத்து ரொட்டியை வாட்டினார், நான் வெங்காயம் நறுக்கினேன், இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்கிற இடம், முட்டிக்கொண்டோம். அப்போதுதான் அண்ணனின் போன். ஏரி எப்படி இருக்கு, படம் அனுப்பலையே என்றார். போகவில்லை என்றேன், பாலத்தில் தண்ணீர் ஓடுகிறது என்றேன். மற்ற வண்டியெல்லாம் போகுதா என்று கேட்டார், அண்ணனுக்கு எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியும். போச்சு என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு கிளம்பிவிட்டது, படிக்கட்டு மாப்பிள்ளை அங்கேயும்... என்று ஆரம்பித்தார். என் நாக்கு பழக்கத்தில் புறப்பட்டு வந்தது, அவருக்குப் பயமெல்லாம் இல்லண்ணா என்று. வாய் வரை வந்ததை நிறுத்தினேன்.

"ஆமாண்ணா. அவருக்குப் பயமா இருந்துச்சு, வேண்டாம்னாரு. திரும்பிட்டோம்."

அவ்வளவுதான். அண்ணன் சாப்பாடு என்ன என்று கேட்டார், ரொட்டி என்றேன், உடம்பைப் பார்த்துக்கோங்க என்று வைத்துவிட்டார். இவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார், எல்லாம் காதில் விழுந்திருக்கும், இந்த வண்டிக்குள் எதை மறைக்க முடியும்? தட்டைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வெளியே ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தபடி கேட்டார்.

"நீ ஓட்டியிருந்தா போயிருப்ப, இல்ல?"

பொய் சொல்லலாம். இன்றைக்கு ஒரு பொய் சொன்னால் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் மதியம் அவர் அந்தப் பையனிடம் பேசியதைக் கேட்ட பிறகு எனக்கு வாய் வரவில்லை.

"போயிருப்பேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டு மென்று முடிக்கும் வரை காத்திருந்தேன். "நானும் பக்கத்துல உக்காந்து வந்திருப்பேன்."

"பயமா இருந்திருக்காதா?"

"இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு, டீ வேணுமா என்று எழுந்துபோய் அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். எனக்குக் கையிலிருந்த தட்டு கனத்தது. பக்கத்தில் உட்கார்ந்து வந்திருப்பாராம். என்றால்... ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் உட்காரும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொள்ளுமே அந்தக் கை, அது வழக்கம் என்றல்லவா இருந்தேன். நிரந்தர வேலையை விட்டுவிட்டுப் பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கும் பள்ளிக்குப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று, சரி என்று ஒரே வார்த்தையில் சொன்னாரே, அன்றைக்கு? குழந்தை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் நான் பிடிவாதம் பிடித்து மகளைச் சுமந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாரே, அப்போது? எனக்கு அப்போதெல்லாம் துளியும் பயமில்லை, அதில் எனக்கு எவ்வளவு பெருமை. என் பங்குக்கும் சேர்த்து யாரோ பயப்பட்டுக்கொண்டிருந்தார்களா... கேட்கலாம், கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறார், பாலைப் பொங்கவிடாமல் பார்த்துக்கொண்டு. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார் இந்த மனுஷன். அதுதான் யோசனையாக இருக்கிறது.