சிலுவைக் கரை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்து, எனக்கு மாதாமாதம் சம்பளமும் அனுப்பியவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு குளிர் தேசத்துச் சபைக்காரர்கள். தேசத்தின் பேர் வேண்டாம். பாவம், நல்ல மனிதர்கள். வருஷத்துக்கு ஒரு பெட்டி நிறையக் கம்பளிக் குல்லா பின்னி அனுப்புவார்கள். காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் அதைப் பிள்ளைகள் தலையில் மாட்டி, போட்டோ எடுத்து, நன்றிக் கடிதம் எழுதிப் போடுவது என் வேலை. வேர்த்து வழியும் முகங்களைப் பார்த்து, பிள்ளைகள் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள் என்று ஒரு வருஷம் பதில் எழுதினார்கள். நான் மறுக்கவில்லை.

அறுபத்தாறில் வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. ‘இருபது வருஷமாக விதைக்கிறோம். கனி எங்கே? பங்குனியில் எங்கள் பிரதிநிதி வருகிறார். அவர் சொல்வதை வைத்து, பள்ளியைத் தொடரலாமா என்று முடிவு செய்வோம்.’

கனி என்றால் ஞானஸ்நானம் வாங்கிய ஆள். இருபது வருஷத்தில் எங்களுக்குக் கனிந்தது மூன்று பேர். தலைமையாசிரியர் மாணிக்கவாசகம் ஐயா. அவர் வேலைக்குச் சேரும்போதே கிறிஸ்தவர். இரண்டாவது அவர் சம்சாரம். மூன்றாவது வாட்ச்மேன், அவன் மெட்ராசுக்கு ஓடி நாலு வருஷம் ஆகிறது. நானோ பிள்ளையாரைச் சுற்றிவிட்டு வந்துதான் முதல் மணி அடிப்பேன்.

பள்ளி மூடினால் எனக்கு வேறு வேலை கிடைக்கும். என் வயிற்றெரிச்சல் மங்கையர்க்கரசியைப் பற்றி. தறிக்காரர் நமச்சிவாயத்தின் மகள், ஐந்தாம் வகுப்பு. கரும்பலகையில் கணக்கு எழுதி நான் திரும்புவதற்குள் விடை சொல்லிவிடும் கழுதை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் வைத்து நெய்யும் புடவைக்குத் தறியின் ஓரத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். எல்லா வீட்டிலும் அந்த இடத்தில் பெண்பிள்ளைகள்தான். நமச்சிவாயம் மட்டும் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: “உங்க ஸ்கூலு எட்டாவது வரைக்கும் இருக்குதில்லம்மா? அதுவரைக்கும் இவளைத் தறியில உக்கார வைக்க மாட்டேன். எம் பொண்டாட்டியே நாடா தள்ளிக்கினு இருக்கட்டும். ஆனா பஸ் ஸ்டாண்டுக்கு அந்தாண்ட இருக்கிற முனிசிபல் ஸ்கூலுக்குப் பொட்டப் புள்ளைய அனுப்ப மாட்டேன், அதையும் சொல்லிட்டேன்.”

கனிக்குப் பதிலாகப் பட்டு கொடுக்கலாம் என்று ஐயாவுக்கு யோசனை வந்தது. பிரதிநிதியாக வரப்போகும் துரையின் ஊர்க் கோயில் பலிபீடத்துக்கு, இரண்டு கரையிலும் சிலுவை ஓடுகிற மாதிரி இரண்டு கஜம் பட்டு விரிப்பு. நமச்சிவாயம் ஒப்புக்கொண்டு ஐப்பசியிலேயே நெய்து கொடுத்துவிட்டார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு.

கார்த்திகையில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். தறியில் அதே சிலுவை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன இது? விரிப்புதான் முடிஞ்சுதே!”

“இன்னாம்மா இப்படிக் கேக்கறீங்க? ஒரு பாவுன்னா மூணு புடவை நூலு. ரெண்டு கஜம் நெய்ஞ்சிட்டு மீதிய அறுத்தா போடுவாங்க? கரைக்குக் கட்டுன டிசைனை அவுத்து மாத்தறதுன்னா பத்து நாள் பொழப்பு போயிடும். அப்படியே ரெண்டு புடவையா ஓட்டிட்டேன்.”

“சிலுவை போட்ட புடவையை இந்த ஊர்ல எவ வாங்குவா?”

வாங்கினார்கள். கடைக்காரர் தனசேகரன் அதை விளக்குக்கு நேராக விரித்து, “கூட்டல் கரைம்மா, புது மோஸ்தர், பம்பாய்ல இதான் கட்டறாங்க” என்று ஒரே போடாகப் போட்டார். தை மாதக் கல்யாணங்களில் அடிதடி. மாசிக்குள் தெருவில் பாதித் தறிகளில் சிலுவை ஓடியது. பிள்ளையார் கோயில் குருக்கள் சம்சாரமே ஒன்று எடுத்துவிட்டாள்.

துரை வந்து இறங்கியது பங்குனித் திருவிழா அன்று. ஏகாம்பரநாதர் தேர் பார்க்கத் தெரு முழுக்கப் பெண்கள், எல்லாரும் புதுப் பட்டில். ஜீப்பை விட்டு இறங்கிய துரை அப்படியே நின்றுவிட்டார். வலது பக்கம் சிலுவை, இடது பக்கம் சிலுவை, முந்தானை முழுக்கச் சிலுவை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“யார் இவர்கள்?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

ஐயா வாயைத் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன். “எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்கள்.”

பொய்யா? ஒரு எழுத்துப் பொய் இல்லை.

“எத்தனை வீடுகளில் இந்தச் சிலுவை இருக்கிறது?”

பக்கத்தில் நின்ற நமச்சிவாயத்திடம் கேட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “பெரிய காஞ்சிபுரத்துல இது இல்லாத வீடே கிடையாதுன்னு சொல்லுங்கம்மா” என்றார். வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தேன். துரை நோட்டில் எழுதிக்கொண்டு, ஐயா நீட்டிய விரிப்பையும் வாங்கிக்கொண்டார். தேர் எங்கள் முன்னால் வந்து நின்றபோது நான் சுவாமியைக் கும்பிட்டு, பள்ளியைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி சொன்னேன். அன்று ராத்திரி மங்கையின் ஆறாம் வகுப்புப் புத்தகத்துக்கு நானே அட்டை போட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு.

வைகாசியில் கடிதம் வந்தது. ஐயா படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பிடுங்கிப் படித்தேன்.

‘கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உங்கள் ஊரில் எங்கள் பணி முழுமையாக நிறைவேறியதைப் பிரதிநிதி கண்ணாரக் கண்டார். சிலுவையையே அறியாத ஒரு தீவில் பள்ளி தொடங்குகிறோம். ஜூன் முதல் உதவி அனைத்தும் அங்கே செல்லும். உங்கள் பள்ளியை விசுவாசிகளாகிய தாய்மார்களே இனி நடத்திக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.’

“ஐயோ, உண்மையை எழுதிடலாம் ஐயா! அது வெறும் புடவைன்னு எழுதிடலாம்!”

“எழுதலாம்மா. அப்ப கனியே இல்லேன்னு மூடுவாங்க.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தத் தாய்மார்களிடம் வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்குப் பணம் கேட்டுப் பார்த்தேன். நல்ல புடவை என்றார்கள். ஜூனில் பள்ளிக்கூடத்துக் கதவில் பூட்டு தொங்கியது. குல்லாப் பெட்டியை எடுக்க ஆள் இல்லை.

ஆடியில் நமச்சிவாயம் வீட்டுப் பக்கம் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். தறியின் ஓரத்தில், அம்மா உட்காரும் இடத்தில், மங்கை உட்கார்ந்திருந்தாள்.

“வாக்கு தப்பலம்மா,” என்றார் நமச்சிவாயம், என் முகத்தைப் பார்க்காமல். “ஸ்கூலு இருக்கிற வரைக்கும்னுதான் சொன்னேன். துரை ஊர்லேர்ந்து அம்பது விரிப்பு கேட்டு லெட்டர் வந்திருக்குது. ஒரு தறிய ரெண்டு தறி ஆக்கிட்டேன். கை பத்தல.”

“அம்பது விரிப்பு எதுக்காம்?”

மங்கைதான் பதில் சொன்னாள். கடிதத்தை அவள்தான் எழுத்துக்கூட்டி அப்பாவுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறாள். “அவங்க ஊர்ல வித்து, அந்தத் தீவுல ஸ்கூல் கட்டப் போறாங்களாம் டீச்சர்.”

அவள் நாடாவைத் தள்ளினாள். ஒரு சிலுவைக்குப் பாதி வந்தது. பிறகு தலையைத் தூக்கிக் கேட்டாள்:

“டீச்சர், அந்த ஸ்கூல்ல எத்தினியாவது வரைக்கும் இருக்கும்?”

“எட்டாவது வரைக்கும் இருக்கும்மா.”

“அப்ப பரவால்ல,” என்று சொல்லிவிட்டு மறுபடி நாடாவைத் தள்ளினாள்.