கையுறை கேட்ட மனு

தேர்வுக்கு முந்தின நாள் காலை, சட்டக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் புதிதாக ஓர் ஆணை ஒட்டப்பட்டிருந்தது. இறுதியாண்டு மாணவி ஒருவர் பட்டம் பெறுமுன்பே வக்கீல் தொழில் செய்ததால் அவருக்கு நுழைவுச்சீட்டு கிடையாது என்றது அது.

அந்த மாணவியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருஷம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நீண்ட விடுப்பெடுத்து முழுநேரமாகப் படிக்க வந்தவர். விடுப்பு இந்த ஆண்டோடு முடிகிறது. இந்தத் தேர்வை விட்டால் படிப்பையே விட்டதுதான்.

அவர் செய்த தொழில் இவ்வளவுதான்: கல்லூரிக் கழிவறை கழுவும் அக்காவின் விரல்கள் ஆசிட்டில் வெந்துபோயிருந்ததைப் பார்த்து, கையுறை கேட்டுக் கல்லூரிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். அந்த வாரம்தான் வகுப்பில், எழுதியவர் பெயரில்லாத மனு அநாதை என்று முதல்வர் பாடம் நடத்தியிருந்தார். நல்ல மாணவியாக, அக்காவின் கைநாட்டுக்குக் கீழே தன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல்வர் அறையில் உட்காரச் சொல்லவில்லை.

"சட்டம் படிக்கிறவங்களே சட்டத்த மீறினா எப்படிம்மா?"

"நான் ஒரு பைசா வாங்கல சார். அவங்களுக்கு எழுதத் தெரியாது, எழுதிக் கொடுத்தேன். அதுல என்ன மீறல்?"

"மனு தப்புன்னு ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுங்க. சீட்டு தர்றேன். சின்ன விஷயம்."

"அவங்க கையப் பாத்தீங்களா சார்?"

முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே வந்தபோது டீச்சருக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது. தபால் பிரிவு ஜன்னலருகே நின்று, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். உள்ளே இருந்த குமாஸ்தா யாரிடமும் அதிகம் பேசாதவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரப்பர் ஸ்டாம்ப்'. அவர் தலையைத் தூக்காமலே பேசினார்.

"மன்னிப்பு எழுதிட்டீங்களா டீச்சர்?"

"செத்தாலும் எழுத மாட்டேன்."

"அதுக்கெல்லாம் எதுக்குச் சாகணும்? ஆணைய நான்தான் டைப் அடிச்சேன். அதுல உங்கள விசாரிச்ச தேதி இல்ல. அது என்னைக்குன்னு கேட்டு ஒரு வரி எழுதுங்க. முத்திரை குத்தி வாங்கிக்கறேன். வாங்கிட்டா பதில் சொல்லியாகணும்."

"உங்களுக்குப் பிரச்சினை வராதா?"

"'தபால் வாங்கறதுதானே சார் என் வேலை'ன்னு சொல்லிடுவேன்."

'என்னை விசாரித்த தேதி எது?' என்று மட்டும் எழுதினார் டீச்சர். முத்திரை விழுந்த சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது.

மாலை நாலு மணிக்கு அழைப்பு வந்தது. அந்தத் தாள் முதல்வரின் மேசையில் கிடந்தது. பதிலுக்கு எடுத்த வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்தது. யாரையும் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்று இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறவர், எந்தத் தேதியை எழுதுவார்?

நுழைவுச்சீட்டை நகர்த்தினார். "எடுத்துக்குங்க. ஆணை வாபஸ். இத்தோட விட்டுடுங்க."

"கையுறை, சார்?"

"அது வேற விஷயம்மா."

"அதுதான் சார் விஷயம். நாளைக்கும் அவங்க வெறுங்கையாலதான் கழுவணும்."

முதல்வர் அடுத்த ஃபைலை எடுத்தார். டீச்சர் சீட்டை எடுத்துக்கொண்டார்; நன்றி சொல்லவில்லை. அப்படி அவர் ஓர் அறையைவிட்டு வெளியேறியது அதுவே முதல் தடவை.

மறுநாள் தேர்வறையில் முதல் பத்து நிமிஷம் வினாத்தாளைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசைப் பெண் கண்காணிப்பாளரிடம் கேட்டு, தன் தண்ணீர் பாட்டிலை டீச்சர் பக்கம் தள்ளி வைத்தாள். டீச்சர் ஒரு வாய் குடித்தார்.

எந்தத் தேர்வுக்கும் முன்னால் மனதை அமைதியாக்கு என்று கடவுளிடம் கேட்பது அவர் வழக்கம். அன்று கேட்கவில்லை. கோபம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வினாத்தாளைப் பிரித்தார்.