தங்கைக்குப் போன ஷூ

வெளிநாட்டில் இருப்பவர்கள் எங்கள் ஏஜென்சி மூலம் துணியும் ஷூவும் வாங்குவார்கள். அனுப்புவதற்கு முன் சரக்கைச் சோதித்துப் படம் எடுப்பது என் வேலை. பத்து வருடத்தில் ஒரு கடைக்காரனைக்கூட நான் நம்பியதில்லை.

அதிலும் என் தங்கை ஆர்டர் போட்டால் சும்மா விடுவேனா? அவளுடைய கோட்டின் தையலை இழுத்துப் பார்த்தேன். ஷூவை ஒவ்வொன்றாக எடுத்துப் பசையை முகர்ந்தேன், அடிப்பாகத்தை வளைத்தேன், விளக்கடியில் வைத்து ஆறாறு படம் எடுத்தேன். ஒன்றை முடித்துப் பெட்டிக்குள் வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ரெண்டுமே இடது கால் ஷூ! உங்க ஆபீஸ்லயே யாரோ மாத்திட்டாங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. யாரோ என்ன யாரோ, பேக்கிங் செய்யும் மீசைக்காரர்தான். அந்த ஆளின் சிரிப்பே எனக்கு ஆகாது. நேராக அவர் மேஜைக்குப் போனேன்.

"என் தங்கச்சி ஷூவுலயே கை வச்சிட்டீங்களா? வலது கால் ஷூ எங்க?"

அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, நான் எடுத்த பன்னிரண்டு படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். பசை, தையல், அடிப்பாகம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பன்னிரண்டிலும் இடது கால் ஷூ. பன்னிரண்டிலும் ஓரத்தில் என் கட்டைவிரல்.

கையிலிருந்த போன் மறுபடி அடித்தது.

"ஆளைக் கண்டுபிடிச்சிட்டியாக்கா?" என்றாள் தங்கை.