சந்தியோகுவின் மீற்றர்

லியோன் முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது, மரியநாயகி கிடத்தியிருந்த புருசன் சந்தியோகுவின் முகத்தில் மொய்த்த ஈக்களை ஓலை விசிறியால் கலைத்துக்கொண்டிருந்தாள். கண்ணால் பாராமலே அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மூன்று கிழமையாகத் தினமும் கேட்டது. விசிறி கையிலேயே நின்றுவிட்டது.

“லியோன், என்ன செய்யிறாய்?” என்று யன்னலால் கேட்டாள்.

“அத்தான்ரை அம்பிளிபயரைப் பூட்டப்போறன் அக்கா. சனம் றோட்டு மட்டும் நிக்குது. சுவாமி செபம் சொல்லேக்கை பின்னாலை ஒருத்தருக்கும் கேளாது.”

“விடு தம்பி. இந்த நேரத்திலை உதென்னத்துக்கு?”

“நீங்கள்தானே நேற்றுச் சொன்னனீங்கள், சரி வந்திட்டுதெண்டு. அவரின்ரை மெசின் சும்மா கிடக்க, அவருக்கு வெறும் வாயாலை செபம் சொல்லுறதோ?”

சொன்னவள் அவள்தான். தம்பி வேலிக்கு அப்பால் நின்று கேட்டபோது, புருசனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “ஓம், சரி வந்திட்டுது” என்றாள். அது பச்சைப்பொய். இப்போது கொழும்புத்துறை ஊர் முழுக்க வந்து நிற்கும் வேளையில் அந்தப் பெட்டி வாய் திறக்காமல் இருக்கப்போகிறது. முப்பது வருடம் ஊருக்கு ஒலிபெருக்கி கட்டியவன் கடைசியாகத் திருத்திய சாமான் ஊமை என்று சனம் சொல்லும். செத்த வீட்டில் சொல்லாவிட்டாலும் படலை தாண்டியதும் சொல்லும்.

சண்டையில் கரண்ட் போய் இரண்டு வருடமாகியும் சந்தியோகுவுக்கு அந்தத் தொழில் விட்டுப் போகவில்லை. அந்தோனியார் கோயில் திருநாளுக்கென்று உடுவில் பொன்னம்பலத்திடம் அரை மூட்டைக் கருவாட்டுக்கு அந்தப் பழைய அம்பிளிபயரை மாற்றி வந்தார். சின்னப் பெட்டி, சைக்கிள் டைனமோவிலேயே ஓடும். “ஒரு பழுதுமில்லை” என்று பொன்னம்பலம் கற்பூரம் அணைக்காத குறையாகச் சொன்னாராம். மூடியைக் கழற்றியபோது உள்ளே திருநீறும் கரப்பான் முட்டையும் கிடந்தன. முதலில் இரைந்தது. இரைச்சலை அடக்கினால் கரகரத்தது. கரகரப்பை அடக்கினால் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது.

திருத்துகிறவருக்கோ காது கேளாது. வாசலில் ஷெல் விழுந்த நாளோடு அது போய்விட்டது. அதனால் கவிழ்த்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றுவதும் அவள், பூவரசில் கட்டிய ஹோர்ன் குழாய் என்ன சொல்கிறது என்று சொல்வதும் அவள். அவர் மைக்கைப் பிடித்து, “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று ஊர் அதிரக் கத்துவார். பிறகு அவள் வாயைப் பார்ப்பார். “கேக்குதோ?”

“இரையுது” என்பாள். “கரகரக்குது” என்பாள். “ஒண்டுமில்லை” என்பாள். அவர் வயர் ஒட்டும் ஈயக்கோலைத் திரும்பவும் கரித்தணலில் செருகுவார்.

நேற்று அவருக்குத் தொய்வு கூடிவிட்டது. மருந்துக் குளிசை எந்தக் கடையிலும் இல்லை. படுங்கோ, படுங்கோ என்று அவள் சைகையாலும் சொல்லிப் பார்த்தாள். கேட்கிற மனிசனா? இழுத்து இழுத்து மூச்சு விட்டபடி பகல் முழுக்கக் குனிந்திருந்து, எங்கோ விட்டுப்போயிருந்த ஓர் ஈயப்பொட்டைத் திரும்ப வைத்தார். பொழுதுபடும் நேரம் அவளைக் கூப்பிட்டார். அவள் சுற்றினாள். தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. அவர் மைக்கில் கத்தினார். பூவரசில் ஓர் இலைகூட அசையவில்லை.

“கேக்குதோ?”

“ஓம்” என்று தலையாட்டினாள். “வடிவாக் கேக்குது.”

அவர் அவளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு, “அப்ப சரி. உன்ரை கை நோகும், விடு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். விடியப்புறம் மூச்சு நின்றது.

“அக்கா.” லியோன் யன்னலடிக்கு வந்திருந்தான். கையில் ஒரு வயர். “ஹோர்ன் வயர் பூட்டுப்படேல்லை. நுனிக்கு ஒட்டு ரேப் சுத்தி, பெட்டிக்குப் பின்னாலை செருகிக் கிடக்கு. அத்தான்தான் கழட்டி வைச்சிருக்கிறார். வயரில்லாமல் நேற்று எப்பிடிச் சத்தம் வந்தது?”

அவள் திரும்பி, செபமாலை சுற்றிய புருசனின் விரல்களைப் பார்த்தாள். ஆட்காட்டி விரலில் ஈயம் சுட்ட தழும்பு. அந்த விரல்கள் கரண்ட் ஓடுகிறதா என்று எதையும் அளக்குமுன் மீற்றரின் இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று முட்டி, முள் ஆடுகிறதா என்று பார்க்கும். ஒரு நாளும் தவறாது. “மெசினைப் பிழை சொல்ல முதல், மீற்றர் உண்மை சொல்லுதோ எண்டு பாக்கோணும்” என்பார்.

நேற்று வயரைக் கழற்றிவிட்டு அவர் மீற்றரைத்தான் சோதித்திருக்கிறார். அவருக்கு அவளை விட்டால் வேறு மீற்றர் ஏது?

லியோன் வயரைப் பூட்டி மைக்கைப் பிடித்தான். முற்றத்தில் அடுத்த வீட்டுச் சூசைதாசன் பெடலைச் சுற்ற, பூவரசின் ஹோர்னிலிருந்து லியோனின் குரல் வந்தது. “ஒண்டு, ரெண்டு, மூண்டு.” றோட்டில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

“பாத்தியே மரியநாயகி,” என்று அவள் பக்கத்திலிருந்த செபஸ்தியம்மா மூக்கைச் சிந்தினாள். “சந்தியோகுவின்ரை கை பட்டா ஊமையும் கதைக்கும்.”

மரியநாயகிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. நேற்று “ஒண்டுமில்லை” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சிரித்துக்கொண்டு வயரைப் பூட்டியிருப்பார். மெசின் பேசியிருக்கும். பேசுகிறது என்று அவள் சொல்லியிருப்பாள். மெசின் சரிவந்தது தெரியாமலே போய்விட்டார். பெண்சாதி களைத்துவிட்டாள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போய்விட்டார். துக்கத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

“அக்கா, உள்ளுக்குக் கேக்குதோ?” லியோன் கத்தினான்.

அவள் எழுந்தாள். “எங்கையடி போறாய், அவரை விட்டிட்டு?” என்று செபஸ்தியம்மா சேலையைப் பிடித்தாள். அதை உதறிவிட்டு முற்றத்துக்கு வந்து, பூவரசுக்குக் கீழே நின்று, தலையைச் சரித்துக் கேட்டாள்.

“இரையுது.”

“எங்கை?”

“கொஞ்சம் இரையுது. அடியிலை.”

“உது ஒருத்தருக்கும் கேளாது அக்கா. செபத்துக்கு இது காணும்.”

“எனக்குக் கேக்குது.” சூசைதாசனை விலக்கிவிட்டுக் குந்தியிருந்து பெடலைப் பிடித்தாள். “பெட்டியின்ரை மூடியைக் கழட்டடா தம்பி. நான் சுத்துறன்.”

சுவாமியார் படலையடிக்கு வந்துவிட்டார். சனம் விலகி வழி விட்டது. லியோன் திருப்புளியைத் தேடினான். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.