அளவு நோட்டின் ஒரு பக்கம்

அன்று தையல் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். தையல்காரர் மிஷின் முன்னால். அவர் மனைவி பட்டன் தைத்தபடி சன்னலோரம். ரசிகர் குழுவை நடத்தும், 'மைக்' என்று ஊரே கூப்பிடும் பையன் வெட்டுமேசை மேல். மனைவியின் தம்பி வாசல்படியில். கடையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில், குழு 'அண்ணன்' என்று கொண்டாடும் நடிகரின் படம் உட்கார்ந்திருந்தது. குழு கூடினால் அதுதான் வழக்கம்.

அண்ணனின் புதுப் படம் பிடிக்காமல் தியேட்டரிலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டதாக ஒரு பெண் இணையத்தில் நாலு வரி எழுதியிருந்தாள். அவள் இந்தக் கடை வாடிக்கையாளர். அளவு நோட்டில் அவள் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டவர் தையல்காரர். விலாசத்தைக் காட்டத்தான் அவர் நினைத்தார். விலாசத்துக்குக் கீழே மார்பு, இடுப்பு என்று எல்லா அளவும் இருந்தன. ஒரு மணி நேரத்தில் உலகமே அவளை அளந்தது. மூன்றாம் நாள் அவள் வீட்டுக் கதவில் அந்த எண்களைப் பெயிண்ட்டால் எழுதினார்கள். அவள் வீட்டைக் காலி செய்துவிட்டாள். பக்கத்தைப் போட்டவரைப் போலீஸ் தேடியது.

"யாரும் மூச்சு விடக் கூடாது மாஸ்டர்," என்றான் மைக்.

"அண்ணனுக்காக ஜெயிலுக்கும் போவேன்னு எழுதினது நீதானே?" என்றான் தம்பி.

"அது சும்மா எழுதுறதுடா!"

"அந்தப் பக்கத்துல இருக்கிற மாதிரி ஏழுக்கு நடுவுல கோடு போடுற தையல்காரர் இந்த ஊர்ல ஒருத்தர்தான்," என்றாள் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பெண் தைக்கக் கொடுத்த சட்டை ஆணியில் தொங்கியது. மின்விசிறிக் காற்றில் அது தோளைத் திருப்பித் தையல்காரரைப் பார்த்தது. முன்பு அதை அலமாரியில் பூட்டி வைத்துப் பார்த்தும் பயனில்லை. எந்தத் துணியை விரித்தாலும் சாக்பீஸ் அவள் அளவையே போட்டது. நேற்று தொப்பை வாத்தியாருக்கு வெட்டிய சட்டை அவர் தோளில்கூட ஏறவில்லை. "எந்தப் புள்ளைக்குத் தச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மைக்கும் தம்பியும் போனதும் தையல்காரர் நடிகரின் படத்தை நாற்காலியிலிருந்து இறக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அந்த நாற்காலியில் அந்தப் பெண்ணின் சட்டையை மடித்து வைத்தார். தரையில் உட்கார்ந்து இன்ஸ்பெக்டருக்கு எழுதினார்: 'பக்கத்தைப் போட்டவன் நான். கையெழுத்து ஒத்துப் பார்க்க நோட்டையும் தருகிறேன்.'

"விலாசம் போட்டாச்சா?" என்றாள் மனைவி.

"நம்மளோடதா?"

"பின்னே யாரோடது?"

கடை எண்ணில் இருந்த ஏழுக்கு நடுவில் கோடு போட்டார். உறையைப் பசை தடவி ஒட்டினார். தெருமுனைத் தபால் பெட்டியில் அது விழுந்த சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.