பாதி காலி, பாதி கட்டை

1

“உள்ள காலியா கீது, கட்டையா?”

“பாதி காலி, பாதி கட்ட.”

“அது எப்டி பாதி?”

“நடுவுல நீட்டா ஒரு கட்ட போவும். ரெண்டு பக்கமும் காலி. அதான் விசயமே. முழுசா காலின்னா ஸ்பீக்கர் பக்கத்துல ஊளையிடும். முழுசா கட்டைன்னா மூச்சே இருக்காது.”

“உன் மண்ட மாரின்னு சொல்லு.”

“என் மண்டல எங்கடி காலி?”

“ரெண்டு பக்கமும்னு நீதான சொன்ன.”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை போகிற மின்சார ரயிலில், என் எதிர் இருக்கையில். அவன் முழங்கால்களுக்கு நடுவே கறுப்புப் பையில் ஒரு கிட்டார் நின்றது. அவளுக்கு அந்தக் கேள்விகளின் பதில்கள் முன்பே தெரியும் என்பது சிரிப்பிலேயே தெரிந்தது. அவன் சொல்வதைக் கேட்கப் பிடிக்கும் என்பதற்காக மறுபடி கேட்டாள். குடும்ப நாவல் எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவளுக்கு இதுவே போதும்.

ஆனால் அதற்கு மேலும் கிடைத்தது. பொன்னேரிக்கு முன்னால் ஏதோ எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு ரயில் நின்றது. அவன் காற்று வாங்கக் கதவுப் பக்கம் போனான். அவள் தனக்குத்தானே ஒரு பாட்டை முணுமுணுத்தாள். கனமான, தாழ்ந்த குரல். “நல்லா இருக்கேம்மா குரல்” என்றேன். திடுக்கிட்டாள். பிறகு, முகம் தெரியாதவர்களிடம் மட்டும் சொல்ல முடிகிற வேகத்தில் சொன்னாள்.

“எங்க சர்ச்சு சபையில எல்லாப் பாட்டும் ஈ ஸ்கேல்தான்க்கா, ஒசந்த சுருதி. எனக்கு அது எட்டாது. ரெண்டு படி எறக்கி வாசிச்சா நானும் பாடுவேன். இவருகிட்ட கேக்கணும்னு தான் கீது, கல்யாணம் ஆனதுலேருந்து.”

“கேளேன்.”

“எப்டிக்கா கேக்கறது? ஈ-ல வாசிச்சாதான் அடிக் கம்பி வெரலு படாம தொறந்து, பொட்டி முச்சூடும் ரீங்காரம் வரும்னு சொல்றாரு. அந்தச் சத்தத்துக்காவே இந்தக் கிட்டார வாங்குனாரு. அத போயி எறக்குன்னு சொன்னா?”

பொன்னேரியில் இறங்கிப் போய்விட்டார்கள். அவள் கேட்டாளா, இல்லையா? எனக்குத் தெரியாது. கீழே வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. அவளைக் கேட்க வைக்க முடியுமா என்று பார்க்கத்தான் எழுதுகிறேன்.

2

பெயர்கள் வேண்டும். அவன் சாம்சன். அவள் ஏஞ்சலின்.

முதல் ஆரம்பம்: ‘சிப்காட் சாலையில் பெய்த மழையில், கிட்டாரை நெஞ்சோடு அணைத்தபடி அவன்’

நிறுத்திவிட்டேன். மழையில் கிட்டாரை யார் வெளியே எடுப்பார்கள்? சாம்சன் எடுக்கமாட்டான்.

இரண்டாவது ஆரம்பம்: ‘தொழிற்சாலையில் சங்கு ஊதியது. அவள் மனதிலும்’

மனதில் சங்கு ஊதினால் நம் ஊரில் அர்த்தமே வேறு. அதுவும் போயிற்று.

மூன்றாவதாக எதுவும் எழுதவில்லை. அந்த ரயில் பேச்சையே ஆரம்பமாக வைத்துவிட்டேன். நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்.

3

எனக்குக் கிட்டாரைப் பற்றித் தெரிந்தது, அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கவேண்டும் என்பது மட்டும். அதனால் உட்கார்ந்து வீடியோக்கள் பார்த்தேன். சாம்சனும் பார்த்திருப்பான் அல்லவா?

பி. பி. கிங் என்கிற அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் தன் கிட்டாருக்குப் பெண் பெயர் வைத்திருந்தார். ஒன்று போய் இன்னொன்று வந்தாலும் அதே பெயர்தான். ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெரி செர்ரிப் பழச் சிவப்பில் இப்படியொரு கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி மேடையைக் கடப்பார்.* இந்தப் பாதிக் காலிக் கிட்டாரில் இவர்களுக்கெல்லாம் அப்படி என்ன மயக்கம் என்று முதலில் புரியவில்லை. கண்ணை மூடிக் கேட்டபோது கொஞ்சம் புரிந்தது. ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினால் அது உடனே செத்துவிடுவதில்லை. ஓரம் மழுங்கி, மூச்சு கலந்து, ஒரு மனிதர் ஏதோ சொல்ல வந்து யோசிப்பது போல நிற்கிறது.

[*கிட்டாரின் மேல்பலகையில் உள்ள துளைகளுக்குள் துணி அடைத்து வாசிப்பதும் உண்டாம். ஸ்பீக்கர் சத்தம் காலி வயிற்றுக்குள் புகுந்து ஊளையாகாமல் இருக்க. பி. பி. கிங்கும் அப்படிச் செய்தார் என்கிறார்கள். பிற்பாடு அவருக்கென்று துளையே இல்லாத கிட்டார் செய்தார்கள். இது ஏன் முக்கியம் என்று ஆறாம் பகுதியில் தெரியும்.]

இன்னொன்றும் கவனித்தேன். பி. பி. கிங் பாடும்போது வாசிப்பதில்லை. ஒரு வரி பாடுகிறார், நிறுத்துகிறார், கிட்டார் பதில் சொல்கிறது. சாம்சன் இதைப் போனில் ஏஞ்சலினுக்குக் காட்டியிருப்பான்.

“பாரேன், ரெண்டு பேரு பேசிக்கிற மாரி கீதுல்ல?”

“ஆமா” என்றிருப்பாள். அதோடு நிறுத்தியிருப்பாள்.

4

அவர்கள் இருப்பது கும்மிடிப்பூண்டியில் ஒரு லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே ஆறு வாசல், ஆறு குடும்பம். சாம்சனின் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். சாம்சன் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறான். பக்கத்து வீட்டு மணிகண்டனுக்கு எப்போதும் ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவான்.

அதனால் சாம்சன் வீட்டில் ஒயர் மாட்டாமல் வாசிப்பான். சாதாரணக் கிட்டாராக இருந்தால் மணிகண்டன் எழுந்து வந்து கதவைத் தட்டியிருப்பான். முழுக்கட்டை எலெக்ட்ரிக் கிட்டாராக இருந்தால் ஒயர் இல்லாமல் கொசு பறக்கிற சத்தம்தான் வரும். இது இரண்டுக்கும் நடுவில். சுவரைத் தாண்டாது, ஆனால் அதே அறையில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பவளுக்கு ஒவ்வொரு கம்பியும் கேட்கும். இப்படி ஒரே ஒருவருக்கு மட்டும் போதுமான சத்தம் தருகிற வாத்தியம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்த ஒருவர் ஏஞ்சலின்.

வாசித்து முடித்ததும் “எப்டி கீது?” என்பான்.

“நல்லா கீது” என்பாள். பொய் இல்லை. நன்றாகத்தான் இருக்கும்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சாம்சன் ரொம்ப நல்லவனாக இருக்கிறானே? என் வாசகிகள் நம்புவார்களா? கொஞ்சம் கெட்டவனாக்கிப் பார்த்தேன். ‘சாம்சன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். “கிட்டாரப் பத்தி உனக்கு இன்னா தெரியும்” என்று’

இல்லை. ரயிலில் பார்த்தவன் அவளுக்குச் சன்னல் இருக்கையைக் கொடுத்திருந்தான். அவனை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

அதோடு, கெட்ட புருஷனிடம் கேட்பது சுலபம். ஒரு சண்டையில் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். நல்லவனிடம் அப்படி முடியாது. ஏஞ்சலினின் வாயைக் கட்டியதே சாம்சனின் ஒரு நல்ல சொல்தான். கல்யாணமான முதல் ஞாயிறு, புதுப்பெண் ஒரு பாட்டுப் பாடட்டும் என்று சபையில் எழுப்பிவிட்டார்கள். சாம்சன் சந்தோஷமாக ஈ ஸ்கேலில் ஆரம்பித்தான். சரணத்தில் அவள் குரல் உடைந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெளியே வந்ததும் சாம்சன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “விடு. பாட்டு எல்லாருக்கும் வராது. நீ கை தட்டு, எனக்கு அது போதும்.”

எவ்வளவு அன்பு! அன்றிலிருந்து கை தட்டுகிறாள். பாட்டு வரும்போது உதட்டை மட்டும் அசைக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. “பேரு ஏஞ்சலு, குரலு லாரி ஆரனு” என்பார்கள். ஸ்கேலை இறக்கச் சொன்னால், தன் குரல் தாழ்ந்தது என்று தானே சொன்னதாகிவிடும். அவன் ரீங்காரத்தைப் பறித்துவிடுவோமோ என்பது ஒரு பயம். இது இன்னொன்று.

6

அவள் கேட்பதற்கு நான் அமைத்துக் கொடுத்த முதல் சந்தர்ப்பம் இது.

சபைக்குத் தகரக் கூரை. புதிதாகப் பெரிய ஸ்பீக்கர்கள் வாங்கியிருந்தார்கள். முதல் பாட்டிலேயே சாம்சனின் கிட்டார் ஊளையிட்டது. முன்வரிசைக் குழந்தை பயந்து அழுதது. மறு ஞாயிறு ஊளை இல்லை. சாம்சன் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். திங்கட்கிழமை ஏஞ்சலின் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள்.

“என் ஜாக்கெட் துணி எங்க?”

“எந்தத் துணி?”

“மெரூன் கலர். கிறிஸ்மஸ் பொடவைக்கு எடுத்தனே.”

“அது பத்தரமா கீது.”

“எங்க?”

அவன் கிட்டாரைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். ‘எஃப்’ எழுத்து மாதிரி வளைந்த துளையின் ஓரத்தில் மெரூன் நிறத்தில் ஒரு நூல்.

“பி. பி. கிங்கே துணி அடைச்சாரு, தெரியுமா?”

“அவரு பொண்டாட்டி ஜாக்கெட்டயா அடைச்சாரு?”

ஒரு கொண்டை ஊசி, போன் டார்ச், இரண்டு தலைகள் முட்டிக்கொண்டு ஒரு துளைக்கு மேலே. துணி அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மணிகண்டன் தட்டினான்.

“சரி, தப்பு என்து தான்” என்று சாம்சன் குரலைத் தணித்துச் சொன்னான். “இன்னா வேணும் கேளு. இன்னா கேட்டாலும் சரின்றேன்.”

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். கேள், ஏஞ்சலின். இதைவிட நல்ல நேரம் என்னால் அமைத்துத் தர முடியாது.

“பொன்னேரில மட்டன் பிரியாணி” என்றாள்.

போய்ச் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது. எலும்பை அவன் தட்டிலிருந்து எடுத்து இவள் கடித்தாள். நான் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

7

இரண்டாவது முயற்சி என் பழக்கதோஷத்தில் வந்தது. என் நாவல்களில் புருஷன்மார்கள் எல்லாவற்றையும் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படியே எழுதினேன்:

‘குழாயடியில் அவள் முணுமுணுப்பதைச் சாம்சன் மறைந்து நின்று கேட்டான். அவன் கண்கள் கலங்கின. மறு ஞாயிறு, யாருக்கும் சொல்லாமல், அவன் ஸ்கேலை’

அழகாக இருக்கிறது. வாசகிகளுக்கும் பிடிக்கும். ஆனால் இதில் ஏஞ்சலினுக்கு வேலையே இல்லை. காலமெல்லாம் நெஞ்சில் வைத்திருந்ததை இன்னொருவர் எடுத்துப் பரிசாகக் கட்டித் திருப்பித் தருகிறார், அவள் நன்றி சொல்லவேண்டும். அப்புறம் அடுத்த ஆசைக்கும் அவன் மறைந்து நின்று கேட்கும்வரை காத்திருக்கவேண்டும். நிஜ வீடுகளில் யாரும் அவ்வளவு நேரம் குழாயடியில் ஒளிந்து நிற்பதில்லை. என் வீட்டில் காப்பி வேண்டுமென்றால் காப்பி வேண்டும் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. அதனால் ஒன்றும் அன்பு குறைந்துவிடவில்லை.

இந்த முடிவு வேண்டாம்.

8

சனிக்கிழமை மத்தியானம். நாளைக்கு ஆராதனை.

சபையில் முன்னால் நின்று பாடுகிற கல்பனா அக்கா, மகளுடைய பிரசவத்துக்காகப் பள்ளிப்பட்டு போயிருக்கிறாள். வர மாதக்கணக்கில் ஆகும். யாரைப் பாட வைப்பது என்று பாஸ்டர் பொறுப்பைச் சாம்சனிடம் விட்டுவிட்டார். ஏஞ்சலின் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்கிறாள். சாம்சன் கட்டிலில், மடியில் கிட்டாரோடு. அடிக் கம்பியைச் சும்மா ஒருமுறை மீட்டி, அது அடங்கும்வரை கேட்கிறான்.

“நாளைக்குப் பாட ஆளு இல்ல. பேஜாரா கீது, ஏஞ்சு.”

“யாராவது கெடைப்பாங்க.”

“நம்ம சபையில யாரு கீறாங்க? மீஞ்சூர்ல ஒரு பொண்ணு நல்லா பாடுதாம். நம்பர் வாங்கி வெச்சிருக்கறேன். கேட்டுப் பாக்கறேன்.”

“ம்.”

“கெடைச்சா, கல்பனாக்கா வர்ற வரிக்கும் அந்தப் பொண்ணயே வெச்சிக்கலாம்.”

அவன் போனை எடுக்கிறான். இந்த இடத்தில் நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். போனில் சார்ஜ் இல்லாமல் பண்ணலாம். மீஞ்சூர்ப் பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கலாம். மணிகண்டன் எழுந்து வந்து, “அக்கா பாடுவாங்களே, நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கினு தான கீறேன்” என்று சொல்லலாம். (இதை எழுதியே பார்த்தேன். மணிகண்டனை எனக்குப் பிடித்துவிட்டது. இருந்தாலும் திருப்பித் தூங்க அனுப்பிவிட்டேன்.) இவையெல்லாம் கேட்கும் வேலையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். நான் ஒன்றும் செய்யவில்லை. போனில் சார்ஜ் இருக்கிறது. மணி அடிக்கிறது. அந்தப் பக்கம் எடுத்துவிடுவார்கள்.

ஏஞ்சலின் கையைக் கழுவுகிறாள். நைட்டியில் துடைக்கிறாள். கட்டில் அருகே வந்து நிற்கிறாள்.

“கட் பண்ணு.”

“இன்னா?”

“போன கட் பண்ணுன்றேன்.”

கட் செய்கிறான். அவள் முகத்தில் என்ன பார்த்தானோ, கிட்டாரைக்கூட மடியிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்து வைக்கிறான்.

இதற்குப் பிறகு சாம்சன் என்ன சொன்னான் என்பதை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில், ஈ-யை விட்டால் அந்த ரீங்காரம் போய்விடுமே என்று ஒரு நிமிஷம் மனம் சுணங்குகிறான். ஒன்றில், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்கிறான். ஒன்றில் கிட்டாரை மறுபடி எடுத்து, விரல்களை வேறு இடத்தில் வைத்துப் பார்க்கிறான். மூன்றையும் கிழித்துவிட்டேன். இப்போது சாம்சனை எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். அவன் பதிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்டுக் கடிதம் எழுதாதீர்கள், எனக்கும் தெரியாது. அவள் சொன்னது மட்டும் எனக்குத் தெரியும்.

“சிரிக்கக் கூடாது. நான் பாடறேன். பாட்டு வராம இல்ல, ஈ தான் எனக்கு எட்டல. என் தொண்டயே கம்மி, பொறந்ததுலேருந்து அப்டித்தான். எனக்காவ ரெண்டு படி எறக்கி சி-ல வாசிக்கிறியாப்பா?”